ஸ்டிக்கர் ஒட்டினால் ஊர் வந்துவிடுமா?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கும் நடுவில், இரண்டின் இரைச்சலும் எட்டாத தொலைவில் இருக்கிறது உத்திரமேரூர். ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் சாலையோரங்களைச் சங்கிலி உணவகங்கள் பிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. நெடுஞ்சாலையில் இடமும் வாடகையும் இறுகும்போது இந்த வணிகம் கிளைச் சாலைகளுக்குள் திரும்புவது இயல்பு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி, மதுராந்தகம் என்று நாலா பக்கமும் பேருந்து ஓடுகிற, குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்களும் வருகிற ஒரு பேரூராட்சி அதன் கண்ணில் படாமல் போகாது. கிளை உரிமம் பெற்ற அப்படி ஒரு கடை இங்கே திறக்கப்படும் நாளில் அதன் சுவரில் என்ன இருக்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. ஒரு பானை, அதற்குள் கைவிட்டு ஓலை எடுக்கும் சிறுவன், பின்னால் அந்தக் கல்வெட்டு உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், கீழே மக்களாட்சியின் பெருமை சொல்லும் ஒரு வரி. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொன்ன பிறகு, பாடப்புத்தகத்தில் இருந்த குடவோலை மேடைக்கும் விளம்பரத்துக்கும் வந்துவிட்டது. வினைல் ஸ்டிக்கரில் அச்சடித்தால் ஒரே இரவில் ஒட்டிவிடலாம். தரை, கூரை, மேசை, விளக்கு, கண்ணாடி முகப்பு என்று மீதி எல்லாம் சென்னை அண்ணா நகர் கிளையில் உள்ளபடியே இருக்கும். உள்ளூர்த் தன்மைக்கு இடம் கொடுத்தாயிற்று என்று நிறுவனமும் திருப்தி அடைந்துவிடும்.

இந்த ஏற்பாடு தலைகீழானது. ஒரு சங்கிலி உணவகத்தை நம்பி உள்ளே நுழைகிறவர் அதனிடம் எதிர்பார்ப்பது சில உறுதிகளை. சாம்பார் போன முறை இருந்த மாதிரியே இருக்க வேண்டும். பலகையில் போட்ட விலைதான் பில்லிலும் வர வேண்டும். கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். தனியாக வரும் பெண்ணை யாரும் ஏற இறங்கப் பார்க்கக் கூடாது. ஊருக்கு ஊர் மாறக் கூடாதவை இவைதான். கூரை எவ்வளவு உயரம், வெயில் எந்தப் பக்கம், தரையில் என்ன கல், வாசலில் நிழல் உண்டா, கை கழுவும் இடம் எங்கே என்பவையெல்லாம் ஊரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவை. நடைமுறையில் தலைமை அலுவலகத்தின் கையேடு இந்த இரண்டாவது வகையைத்தான் அங்குலம் அங்குலமாக விதிக்கிறது. லேமினேட்டின் நிற எண், ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கின் உயரம், முகப்பில் அடிக்க வேண்டிய ஏசிபி ஷீட், நாற்காலியை அனுப்பும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கழிப்பறையோ கிளைக்காரர் பாடு. நெடுஞ்சாலைப் பயணிகள் யாரைக் கேட்டாலும் தெரியும்: ஒரே பெயர்ப்பலகை, ஒரே விளக்கு, ஒரே சீருடை, கழிப்பறை மட்டும் கிளைக்கு ஒரு தினுசு.

சுவர் ஒன்றுபோல் இல்லாவிட்டால் பிராண்டு கரைந்துவிடும் என்ற அச்சத்துக்கு இந்தியாவிலேயே அறுபது ஆண்டுகளுக்கு மேலான பதில் ஒன்று இருக்கிறது. காபி வாரியம் நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950களில் மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் போன்றோரின் துணையுடன் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து 1957 முதல் இந்தியன் காபி ஹவுஸ்களைத் தாங்களே நடத்தினார்கள். கேரளத்தில் முதல் கடை 1958இல் திருச்சூரில் வந்தது. கொல்கத்தா கல்லூரித் தெருவில் அது பழைய ஆல்பர்ட் ஹாலின் உயர்ந்த கூரைக்கும் சுற்று மாடிக்கும் கீழே இயங்குகிறது. திருவனந்தபுரம் தம்பானூரில் அது கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள்; நெருக்கடியான இடத்தில் ஒரு சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது, வெளிச்சுவரை ஒட்டி மேசைகள், கண்ணாடி இல்லாத செங்கல் ஜாலி வழியே காற்று. இந்த இரண்டு கட்டடங்களுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையுமாகப் பரிமாறுகிறவர் எதிரே வந்து நின்றதும் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. கேரளத்துக் கிளைகளில் மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பு தெரியும், அதுவும் முத்திரைதான். இது ஒரே முதலாளியின் கீழுள்ள நிறுவனம் அல்ல, பல சங்கங்களின் கூட்டம் என்று யாராவது வேறுபாடு காட்டலாம். அது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. ஒரு மையக் கையேடு இல்லாமலேயே மக்கள் மனத்தில் ஒரே கடையாக நிற்க முடிந்திருக்கிறது. மனிதரும் கோப்பையும் சுவையும் சுமந்துபோன அடையாளத்தைச் சுவர் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் நெடுஞ்சாலையோரக் 'கும்பகோணம் டிகிரி காபி' கடைகளைப் பார்க்கலாம். அந்தப் பெயருக்கு ஒரு தனி உரிமையாளர் கிடையாது, உரிமக் கட்டணம் கிடையாது, வடிவமைப்பாளரும் கிடையாது. ஆனாலும் திருச்சி சாலையில் போகிற கார் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு வேகத்தைக் குறைக்கிறது. பித்தளை டம்ளரும் டபராவும் வரிசையாக மினுங்கும், ஒரு கீற்றுக் கொட்டகை இருக்கும், அவ்வளவுதான். கையில் பிடிக்கிற ஒரு பாத்திரம் ஒரு சங்கிலியையே உருவாக்கிவிட்டது. (அந்தக் காபிக்கும் கும்பகோணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது வேறு வழக்கு.) 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை அவர் கட்டியிருந்த தலைப்பாவின் பெயரிலேயே ஊர் ஊராகப் பரவியதும் அப்படித்தான். அந்தப் பெயருக்காக நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. சீரக சம்பாவின் மணத்தை எந்த ஊரிலும் விட்டுக்கொடுக்கவில்லை. திண்டுக்கல் கடையின் சுவர் எந்த நிறம் என்று யாரும் கேட்டதில்லை. வாடிக்கையாளரின் நினைவு வாயிலும் விரலிலும் தங்குகிறது. நிறுவனங்களோ பெரும் பணத்தை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் கொட்டுகின்றன.

அந்தச் சுவரும் தரையும் எங்கிருந்து வருகின்றன? உத்திரமேரூர் வட்டத்துச் சாலைகளில் எந்நேரமும் டிப்பர் லாரிகள் ஓடும். சுற்றுவட்டாரக் குவாரிகளிலும் கிரஷர்களிலும் உடைபடும் கல் சென்னையின் அடுக்குமாடிகளுக்கும் சாலைகளுக்கும் போகிறது. தூசியையும் வெடிச் சத்தத்தையும் இந்த ஊர் வைத்துக்கொள்கிறது. அதே ஊரில் கையேட்டுப்படி கடை கட்டினால், குஜராத்தின் மோர்பியிலிருந்து கருங்கல் மாதிரி தோற்றமளிக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் வந்து இறங்கும். கல் விளைகிற ஊருக்குக் கல்லின் புகைப்படத்தை விற்பது என்று இதைச் சொல்லலாம். உள்ளூர்க் கருங்கல் பலகையையும் கடப்பைக் கல்லையும் வைத்துத் தரை போட, மேடை கட்ட, கை கழுவும் தொட்டி அமைக்க இந்தப் பகுதிக் கொத்தனார்களுக்கு யாரும் படம் வரைந்து கொடுக்க வேண்டியதில்லை. நம் பழைய ஹோட்டல்களின் அடுக்களையிலும் கை கழுவும் இடத்திலும் கடப்பைக் கல் பல தலைமுறை உழைத்திருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் சுத்தமாகிவிடும் பரப்பு அது. ஒரு பலகை உடைந்தால் மறுநாளே மாற்றலாம். லேமினேட் ஓரம் உரிந்தால் அதே நிற எண்ணைத் தேடிச் சென்னைக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாத கிளைக்காரர் பழுப்பு டேப் ஒட்டிவைப்பார். சீர்மைக்காகப் போட்ட விதி சீர்கேட்டில் முடிகிற இடம் இது.

வெயில் அதைவிடக் கடுமையான நீதிபதி. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, உள்ளே தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங், முழுக்க ஏசி என்ற வடிவம் குளிர்நாட்டு வணிக வளாகத்திலிருந்து வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்பு என்ன செய்யும் என்பதை அந்த மேசையில் மாலை நாலு மணிக்கு உட்கார்ந்தவர் அறிவார். கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டுவார்கள், பிறகு திரை போடுவார்கள், கடைசியில் அதன்மேல் சலுகை விளம்பரம் ஒட்டுவார்கள். பகலிலேயே விளக்கு எரியும். வெளியே தெரிய வேண்டும் என்று வைத்த கண்ணாடி இப்படிச் சுவராகிறது, மின்கட்டணம் மட்டும் கண்ணாடிக்குரியதாக வருகிறது. மின்சாரம் போகும் நேரத்தில் ஜெனரேட்டர் டீசல் அதற்கு மேல். இந்த வட்டாரத்தின் பழைய கட்டடக்காரர்கள் இதற்குச் சொன்ன விடைகளில் ரகசியம் ஒன்றுமில்லை. உயரமான கூரை, அதன் கீழ் சூடான காற்று வெளியேற மேல் ஜன்னல், தெருப்பக்கம் ஆழமான தாழ்வாரம், மேற்கில் சாய்ப்பு இறக்கிய கனமான சுவர். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை இந்தச் சென்னை–காஞ்சி வட்டாரம் நன்கு அறிந்தது. இன்று அதே கூரையைப் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கூரை உயரத்தையும் தாழ்வாரத்தையும் கையேட்டின் 'மாறக் கூடாதவை' பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலே போதும். ஒரு குளிரூட்டிய அறை இருக்கட்டும்; கடை முழுக்கக் குளிர்பதனப் பெட்டியாக வேண்டியதில்லை.

உள்ளூர்த் தன்மை என்ற பெயரில் இப்போது சந்தையில் கிடைப்பது வேறொரு சீர்மைதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ், காரைக்குடித் தூண், பித்தளைக் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, சீறிப் பாயும் ஜல்லிக்கட்டுக் காளை. சென்னையோ சிங்கப்பூரோ, 'பாரம்பரிய' உணவகம் என்றால் இந்த ஐந்தும் ஒரே லாரியில் வந்து இறங்கும். செட்டிநாட்டில் இடிபட்ட வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் வழியாக எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு வட்டாரத்தின் வீட்டைக் கழற்றித்தான் இன்னொரு வட்டாரத்தின் கடைக்குப் 'பாரம்பரியம்' பூட்டப்படுகிறது. உத்திரமேரூருக்கு ஆத்தங்குடித் தரை எந்த வகையில் உள்ளூர்? சுண்ணாம்பும் கருங்கல்லும் ஏரிக்கரையும் நெல்லும் உள்ள தொண்டை மண்டலத்து ஊருக்குச் செட்டிநாட்டு மாளிகையின் முற்றம் அண்ணா நகர்க் கண்ணாடியைப் போலவே வெளியூர்ச் சரக்கு. உணவிலும் இதே கதைதான். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வேகவைக்கும் இட்லி, சங்கிலிக் கடைகளின் பட்டியலுக்கு வரும்போது டம்ளரில் ஊற்றிக் கவிழ்த்த மசாலா இட்லியாகிறது. பெயர் பயணம் செய்கிறது, இலையும் குடலையும் ஊரோடு நின்றுவிடுகின்றன.

இந்த வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளில் மிக வலுவானதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உள்ளூர்த் தன்மை என்று நாம் கொண்டாடுவது அத்தனை வெள்ளந்தியானதா? திண்ணையும் தாழ்வாரமும் யாரை உட்காரவைத்தன, யாரைத் தெருவில் நிறுத்தின? தமிழ்நாட்டு ஹோட்டல்களின் உள்ளமைப்பு நெடுங்காலம் சாதியின் வரைபடமாக இருந்தது. பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். பெயர்ப்பலகையிலேயே 'பிராமணாள்' என்ற அறிவிப்பு. சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன் 1957இல் பெரியார் நடத்திய கிளர்ச்சி அந்த ஒரு சொல்லை அழிப்பதற்கானது. கிராமத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளையோ அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. சுவர் ஸ்டிக்கரில் வரப்போகிற குடவோலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் ஒரு சதுர்வேதிமங்கலத்தின், அதாவது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊரின், சபை விதிகள். முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பிரிவுகளிலிருந்து, தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி உறுப்பினராக வருபவர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். கணக்குக் காட்டாதவரையும் அவரது உறவினரையும் விலக்கிய அந்த விதிகளின் கூர்மை இன்றும் வியப்பைத் தருவது. அந்த வயல்களில் உழுதவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

எனவே, எந்தச் சாதி என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரே நாற்காலி, ஒரே தட்டு, ஒரே டம்ளர் என்று வைத்திருக்கும் சங்கிலி உணவகத்தை 'ஆன்மா இல்லாத பிளாஸ்டிக்' என்று ஏளனம் செய்வது, எந்தக் கடையிலும் தடையின்றி உட்கார்ந்து பழகியவர்களின் சொகுசு. கவுன்டரில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலியான இடத்தில் உட்காரும் வசதி தாத்தாவுக்குக் கிடைக்காத ஒன்று என்று நினைக்கும் பேரன்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் உண்டு. பெண்களுக்கும் அப்படித்தான். 'ஃபேமிலி ரூம்' என்று தடுப்புக் கட்டித் திரை தொங்கவிட்ட அறைக்குள் ஒளிந்து சாப்பிட்ட காலத்திலிருந்து, பொது ஹாலில் தனியாக உட்கார்ந்து காபி குடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததில் இந்த முகமற்ற கடைகளுக்கும் பங்குண்டு. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். எது மாறக் கூடாதது என்ற பட்டியலை அது இன்னும் கறாராக்குகிறது என்றே நினைக்கிறேன். சம இருக்கை, சம பாத்திரம், தடுப்பில்லாத ஹால், பூட்டுப் போடாத கழிப்பறை, வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஆகியவற்றில் எந்த ஊர் வழக்கத்துக்கும் சலுகை தரக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு உயரத் திண்ணை போட்டு அழகு பார்ப்பதற்கும் எல்லை இருக்கிறது. அக்ரகாரத்தின் ஏக்கத்தை அலங்காரமாக விற்கும் கடையைவிட எனக்கு லேமினேட் கடையே மேல். ஆனால் கருங்கல் தரைக்கும் உயர்ந்த கூரைக்கும் செங்கல் ஜாலிக்கும் சாதி கிடையாது. அவற்றைக் கேட்பதற்கு யாருடைய பழைய வீட்டையும் நகலெடுக்க வேண்டியதில்லை.

அடுத்த மறுப்பு இளைஞர்களிடமிருந்து வரும். சென்னையில் இருக்கிற அதே கடை எங்கள் ஊருக்கும் வரட்டும், எங்களுக்கு மட்டும் ஏன் ஓலைக் கொட்டகை என்பார்கள். நியாயமான கேள்வி. நகரத்துக்காரர் வாரக் கடைசியில் தேடிவரும் 'கிராமிய அனுபவம்' என்ற நாடகத்தில் தன்னைத் துணை நடிகராக நிறுத்துவதை உள்ளூர்க்காரர் ஏன் சகிக்க வேண்டும்? மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுவரில் மாட்டுவது மாடு கட்டி உழுதவருக்கு அலங்காரமாகத் தெரியாது. உத்திரமேரூருக்கு வேண்டியது இந்த ஊரின் வெயிலையும் கல்லையும் கைவேலையையும் புரிந்துகொண்ட நல்ல புதுக் கட்டடம். தம்பானூரில் பேக்கர் கட்டியது எந்தக் கேரளத் தறவாட்டின் நகலும் அல்ல. அதைப் போல முன்பு யாரும் பார்த்ததில்லை, அது வேறெந்த ஊரிலும் இவ்வளவு பொருந்தியிருக்காது. புதுமையைக் கண்ணாடியாலும் பளபளப்பாலும் மட்டுமே அளக்கும் பழக்கம் போனால் இந்த மறுப்புக்குச் சுலபமாகப் பதில் கிடைத்துவிடும்.

செலவு, வேகம், அடையாளம் என்று நிறுவனங்கள் அடுக்கும் காரணங்களில் வேகத்தை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். ஒரே வரைபடம், ஒரே விற்பனையாளர் என்றால் கடை சீக்கிரம் திறக்கும். மொத்தமாக வாங்கும்போது ஒரு நாற்காலியின் விலையும் குறையும். ஆனால் அந்தச் சேமிப்பு முழுக்க உரிமம் வாங்கிய உள்ளூர் முதலீட்டாளரின் கைக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் சொன்ன விலைதான் விலை என்ற நிலையில் பேரம் பேச அவருக்கு வழியில்லை. அடையாளம் போய்விடும் என்ற அச்சத்துக்கு உலகம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் செம்மலைகள் சூழ்ந்த செடோனா நகரம் மஞ்சள் வளைவுகள் மலைக்காட்சியோடு ஒட்டாது என்று சொல்லிவிட, 1993இல் அங்கு திறந்த மெக்டொனால்ட்ஸ் தன் வளைவுகளுக்கு நீலப்பச்சை பூசியது. இன்று அந்தக் கிளை முன் நின்று படம் எடுப்பதற்கென்றே ஆட்கள் போகிறார்கள். ஜப்பானின் தசைஃபு தென்மாங்கு ஆலயத்துக்குப் போகும் தெருவில் கெங்கோ குமா 2011இல் வடிவமைத்த ஸ்டார்பக்ஸ் கடையில் சுமார் 2,000 மரச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வாசலிலிருந்து உள்ளே ஓடுகின்றன. காபி அதே காபிதான். செடோனாவிலிருந்து கற்க வேண்டியது, மாற்றம் நிறுவனத்தின் பெருந்தன்மையால் வரவில்லை, நகரம் கேட்டதால் வந்தது என்பது. தமிழ்நாட்டிலும் அதற்கு முன்மாதிரி உண்டு. 1948ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகள் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில், 5:3:2 என்ற விகிதத்தில் பிற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்கின்றன. உலகப் பெரு நிறுவனமும் தன் சின்னத்தின் அருகே தமிழில் பெயர் எழுதத்தான் செய்கிறது. எழுத்துக்குப் பணிந்த பிராண்டு கூரைக்குப் பணிந்தால் குடி முழுகிவிடாது.

உத்திரமேரூரின் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தப்படி அத்தகைய சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது; அதற்கடுத்த 200 மீட்டருக்குள் கட்ட முன் அனுமதி வேண்டும். கோயில் ஊர் நடுவில் இருப்பதால் கடைத்தெருவின் ஒரு பகுதி இந்த வளையத்துக்குள் வரும். அங்கே கடை போட வருகிறவர் பெரும்பாலும் இருக்கிற கட்டடத்தைச் செப்பனிட்டுத்தான் நுழைய முடியும். வீட்டுக்காரர்கள் இந்தச் சட்டத்தைத் தொல்லையாகப் பார்ப்பது புரிந்துகொள்ளக் கூடியது. கூரை மாற்றவும் காகிதம் தேடி அலைகிறவர்கள் அவர்கள். ஆனால் சங்கிலி உணவகம் வரும் வேளையில் இதே சட்டம் ஒரு வாய்ப்பாக மாறுகிறது. பழைய ஓட்டு வீட்டையும் சுண்ணாம்புச் சுவரையும் கையேட்டுக்குள் அடைக்க முடியாது, கையேட்டைத்தான் அவற்றுக்கேற்ப வளைக்க வேண்டும். அடுக்களைக்கு மட்டும் இந்த நெகிழ்வு பொருந்தாது. கழுவக்கூடிய சுவர், வழுக்காத தரை, ஈ புகாத ஜன்னல், மூடிய வடிகால் என்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான விதிமுறைகள் கேட்பதைப் பழைய வீடு என்ற சாக்கில் தட்டிக்கழிக்கக் கூடாது. அடுக்களை நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும், கூடம் ஊரைப் போல இருக்கட்டும்.

ஊரைப் போல என்றால் யார் தீர்மானிப்பது? சென்னையிலிருந்து வரும் வடிவமைப்பாளர் அரை நாளில் நாலு படம் எடுத்துக்கொண்டு போனால் மறுபடியும் பானை ஸ்டிக்கர்தான் வரும். இதற்குக் குழு போட்டு ஆய்வறிக்கை எழுத வேண்டிய அவசியமில்லை. உரிம ஒப்பந்தத்தில் சில உட்பிரிவுகள் போதும். உள்கட்டுமானச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது வட்டத்துக்குள் கிடைக்கும் பொருளுக்கும் வேலையாட்களுக்கும் போக வேண்டும் என்று எழுதலாம். வெயில் திசை, மழைச்சாரல், கூரை உயரம், வாசல் நிழல் ஆகியவற்றில் கிளைக்காரரும் உள்ளூர்க் கொத்தனாரும் சொல்வதே இறுதி என்று எழுதலாம். ஒப்பந்தக் காலம் முடிந்து நிறுவனம் வெளியேறினால் லேமினேட்டும் ஏசிபி ஷீட்டும் குப்பைக்குப் போகும். கல் தரையும் தாழ்வாரமும் கட்டட உரிமையாளரின் சொத்தாக நிற்கும். அதனால் வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு இந்த வேலையில் பங்கு போட அவருக்கே காரணம் உண்டு. பேரூராட்சியும் கட்டட அனுமதி தரும்போது முகப்பு வரைபடத்தை மட்டும் பார்த்து முத்திரை குத்தாமல், மேற்குச் சுவரில் எவ்வளவு கண்ணாடி, தெருவுக்கு எத்தனை அடி நிழல், பொதுமக்கள் பயன்படுத்தும்படி கழிப்பறை இருக்கிறதா என்ற மூன்றைக் கேட்கலாம். முதல் கடை வருவதற்கு முன்பே பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானமாக இதை நிறைவேற்றிவிட்டால் பேச்சுவார்த்தை எளிதாக இருக்கும்; பத்தாவது கடைக்குப் பிறகு கேட்டால் முதல் ஒன்பது கடைக்காரர்களையும் எதிர்த்துக் கேட்க வேண்டிவரும்.